பழைய டீசல் காம்பாக்ட் எஸ்யுவியில் பிக்கப் குறைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெனோ டஸ்டர், ஃபோர்டு ஈகோஸ்போர்ட், மாருதி விட்டாரா பிரெஸ்ஸா என்று பத்து வருடம் ஓடிய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கலாமென்று தொகுத்தது இது. உதாரணத்துக்குப் பெரும்பாலும் டஸ்டரை எடுத்திருக்கிறேன், கேள்விகள் அதிகம் வருவது அதற்குத்தான். மற்ற டர்போ டீசல் வண்டிகளுக்கும் முக்கால்வாசி பொருந்தும். வண்டி தொலைத்த சக்தியை முதலில் மீட்டெடுங்கள், புதுச் சக்தியைக் காசு கொடுத்து வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கீழே உள்ள எல்லாப் பதிலுக்கும் அடிப்படை இதுதான்.

1. அண்ணா, என் வண்டிக்கு நிஜமாவே பவர் குறைஞ்சிருக்கா, இல்ல கம்பெனி கொடுத்ததே இவ்வளவுதானா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். 2012இல் சென்னையை அடுத்த ஒரகடம் ஆலையிலிருந்து வந்த டஸ்டரில் 1.5 லிட்டர் கே9கே டீசல் எஞ்சின் இரண்டு விதமாக வந்தது. ஒன்று 85 குதிரைசக்தி, 200 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). இன்னொன்று 110 குதிரைசக்தி, 248 நியூட்டன் மீட்டர். பிரெஸ்ஸாவின் 1.3 டீசல் 90 குதிரைசக்தி, ஈகோஸ்போர்ட்டின் 1.5 டீசல் ஆரம்பத்தில் 90, பிறகு 100. வண்டியின் எடையே 1200 கிலோவைச் சுற்றி, ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் இன்னொரு 400 கிலோ. அதனால் ஹைவேயில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நிதானமாக ஏறுவது 85 குதிரைசக்தி டஸ்டருக்கு இயல்பு, கோளாறு இல்லை. ஏற்காடு மலையில் இரண்டாவது கியரில், 2000 ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) மேல் முள் நிற்கும்போதும் வண்டி திணறினால் அது கோளாறு.

மனசுக்குப் படுவதை நம்பாமல் அளந்து பாருங்கள். ஆள் நடமாட்டமில்லாத ஒரு சமதளச் சாலையைத் தேர்ந்தெடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஏசியை அணைத்துவிட்டு, மூன்றாவது கியரில் 40இலிருந்து 80 வரை முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரைப் போனில் நேரம் எடுக்கச் சொல்லுங்கள். போகும் திசையிலும் திரும்பும் திசையிலும் எடுத்து எழுதி வையுங்கள். முடிந்தால் அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் வண்டியிலும் எடுங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் இதே சோதனையைச் செய்தால் எந்த வேலை பலன் தந்தது, எந்த வேலை பில்லில் மட்டும் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

2. 1800 ஆர்பிஎம்முக்குக் கீழ வண்டி செத்த மாதிரி கிடக்கு, அதுக்கு மேல போனா பிச்சுக்கிட்டுப் போகுது. டர்போ போச்சா?

போகவில்லை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ சுற்றுவதற்கு எஞ்சினிலிருந்து வரும் புகைக்காற்று வேண்டும், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்தக் காற்று போதாது. 110 டஸ்டரில் இந்த மந்தம் 85ஐவிட அதிகமாகத் தெரியும், அதன் முழு டார்க் 2250 ஆர்பிஎம் வாக்கில்தான் வருகிறது. 85இல் 1900 வாக்கிலேயே வந்துவிடும். ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் பலர் 85தான் சுகம் என்று சொல்வது இதனால்தான்.

இதற்கு மருந்து உங்கள் இடது கையில் இருக்கிறது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், வளைந்து முடித்து வண்டி திணறிய பிறகு குறைத்தால் தாமதம். மைலேஜுக்காக 1300 ஆர்பிஎம்மில் நான்காவது கியரில் முக்க வைப்பவர்கள் எஞ்சினையும் கரியாக்குகிறார்கள், அதன் விளைவு 7ஆம் கேள்வியில். மந்தம் முன்பு 1700இல் முடிந்து இப்போது 2400 வரை நீள்கிறது என்றால் மட்டும் கவலைப்படுங்கள்.

3. செலவு கம்மியா எதுல ஆரம்பிக்கலாம்?

ஏர் ஃபில்டர். நீங்களே கழற்றிப் பார்க்கலாம். கழற்றி வெயிலுக்கு எதிரே பிடியுங்கள், மடிப்புகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள். கம்ப்ரசரில் காற்றடித்துத் திரும்பப் போடும் பழக்கம் வேண்டாம், அந்த அழுத்தத்தில் காகிதம் நுணுக்கமாகக் கிழியும், அந்தக் கிழிசல் வழியாகப் போகும் தூசி டர்போவின் இறக்கைகளைத் தேய்க்கும். ஃபில்டர் டப்பாவின் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, முன்பக்கக் காற்றுக் குழாயில் சருகு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் எலி பஞ்சு கொண்டுவந்து வைப்பது சர்வசாதாரணம்.

அடுத்து டீசல் ஃபில்டர். கடைசியாக எப்போது மாற்றியது என்று உடனே சொல்ல முடியாவிட்டால் மாற்றும் நேரம் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைத்த டீசல் ஃபில்டரின் அடையாளம், சாதாரணமாக நன்றாக ஓடும் வண்டி முழு ஆக்ஸிலேட்டர் கேட்கும்போது மட்டும் அடங்கிப்போவது. மூன்றாவது டயர் காற்று, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி. இந்த மூன்றும் முடியும் வரை மெக்கானிக்கிடம் போக வேண்டியதே இல்லை.

4. டீசல் ஃபில்டர் மாத்தினதுல இருந்துதான் ப்ரோ பிரச்சனையே. முன்னாடியாவது ஓடிச்சு.

லைனில் காற்று நின்றுவிட்டது. டீசல் குழாயில் ரப்பர் பல்ப் மாதிரி கைப்பம்பு இருக்கும் வண்டிகளில் அது கெட்டியாகும் வரை அழுத்த வேண்டும். அது இல்லாத வண்டிகளில் அதற்குரிய முறைப்படி காற்றை எடுக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகும் வரை செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பது தப்பு, ஹைபிரஷர் பம்புக்கு டீசல்தான் எண்ணெய், அது காய்ந்து சுற்றினால் தேய்ந்துவிடும். காற்றை எடுத்த பிறகும் தொல்லை இருந்தால் ஃபில்டர் இணைப்பில் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) கிழிந்து காற்றை இழுக்கிறது.

5. ஏத்தத்துல பின்னாடி வர்றவன் லைட் அடிச்சுத் திட்டுறான், அவ்வளவு கருப்புப் புகை. இது எதைக் காட்டுது?

டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. காற்று குறைய வழிகள்: அடைத்த ஏர் ஃபில்டர், டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஓட்டை, திறந்தபடி மாட்டிக்கொண்ட ஈஜிஆர் வால்வு (7ஆம் கேள்வியில் விளக்கியிருக்கிறேன்). அளவுக்கு மேல் டீசல் கக்கும் இன்ஜெக்டரும் ஒரு காரணம், ஆனால் அதைக் கடைசியில் பாருங்கள்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, டர்போ சீலோ பிஸ்டன் ரிங்கோ. காலையில் கொஞ்ச நேரம் வந்து மறையும் வெள்ளைப் புகையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சூடான பிறகும் விடாமல் வந்து கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

6. ஆக்ஸிலேட்டர் அழுத்தினா "உஸ்ஸ்"னு ஒரு சத்தம், முன்னாடி இல்ல. பிக்கப்பும் போச்சு.

டர்போ ஹோஸ் கிழிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். பழைய வண்டிகளில் பிக்கப் குறைவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான், அதிகம் தப்பாகக் கண்டுபிடிக்கப்படுவதும் இதுதான். டர்போ அழுத்திய காற்று ஒரு தடித்த ரப்பர் குழாய் (ஹோஸ்) வழியாக அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போய், இன்னொரு குழாய் வழியாக எஞ்சினுக்கு வருகிறது. பத்து வருட வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் ரப்பர் விறைத்துப்போய், பெரும்பாலும் கிளாம்ப் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அதுவும் மேலிருந்து பார்த்தால் தெரியாத அடிப்பக்கத்தில் வெடிப்பு விடும். நியூட்ரலில் நின்று ரேஸ் கொடுத்தால் அந்த வெடிப்பு திறக்காது, ஏனென்றால் சுமையில்லாமல் டர்போ பெரிதாக அழுத்தம் தராது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து இரண்டு தடவை ரேஸ் கொடுத்துப் பார்த்துவிட்டு "ஹோஸ் எல்லாம் ஓகே" என்று சொல்வது இதனால்தான்.

எஞ்சின் ஆறிய பிறகு குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்பாகத் தூசி அப்பியிருக்கும், அந்த இடத்தைக் கையால் வளைத்தால் வெடிப்பு வாயைத் திறக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் குழாய்க்குள் புகை விட்டு ஓட்டையைக் கண்டுபிடிக்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்யும் கடைக்குப் போங்கள், அல்லது குழாயின் ஒரு முனையை அடைத்து மறுமுனையில் குறைந்த அழுத்தத்தில் காற்று விட்டு சோப்புத் தண்ணீர் அடித்தால் பஞ்சர் கடையில் போலக் குமிழி வரும். இன்டர்கூலரின் ஓரத்தில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பையும் விடாதீர்கள். டேப் சுற்றுவது, எம்-சீல் வைப்பது எதுவும் நிற்காது. ஹோஸை மாற்றுங்கள், பழைய கிளாம்பையும் சேர்த்து. குழாய்க்குள் லேசான எண்ணெய் ஈரம் இருந்தால் பயப்பட வேண்டாம், கிண்ணத்தில் ஊற்றும் அளவு இருந்தால் 9ஆம் கேள்விக்குப் போங்கள்.

7. ஈஜிஆரை அடைச்சுட்டா பிக்கப் ஏறிடும், எல்லாரும் பண்றாங்கன்னு மெக்கானிக் சொல்றார். பண்ணலாமா சார்?

வேண்டாம். ஈஜிஆர் வால்வு எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடுகிறது, எரியும் சூடு குறைந்து நைட்ரஜன் ஆக்சைடு குறைவதற்காக. அந்தப் புகைக் கரியும் எஞ்சினிலிருந்து வரும் ஆயில் ஆவியும் கலந்து தார் மாதிரி கெட்டியாகி, வால்விலும் இன்டேக் குழாயிலும் படிகிறது. வால்வு முழுதாக மூட முடியாமல் நின்றுவிட்டால் நல்ல காற்று வரவேண்டிய இடத்தில் புகை வருகிறது, அதனால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போகிறது.

கவனிக்க வேண்டிய விஷயம், முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது நல்ல ஈஜிஆர் தானாகவே மூடிக்கொள்ளும். அதாவது ஆரோக்கியமான வால்வை அடைப்பதால் உச்ச சக்தி கூடாது. அடைத்ததும் பிக்கப் வந்தது என்று யாராவது சொன்னால், அவர் வால்வு முன்பே மாட்டிக்கொண்டு கிடந்தது என்று அர்த்தம். அதைக் கழற்றி கார்ப் கிளீனர் ஊற்றி ஊறவைத்துப் பிரஷ் போட்டாலும் அதே பலன் வந்திருக்கும். அடைத்தால் செக் எஞ்சின் லைட் எரியும், பிறகு அதை மறைக்க சாஃப்ட்வேரில் கை வைப்பார்கள், வெளியே விடுகிற காற்று நம் பிள்ளைகளும் சுவாசிப்பது. வால்வைக் கழற்றும்போது பக்கத்தில் இருக்கும், காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரையும் எடுத்துப் பாருங்கள், மூக்கு முழுக்கக் கரி அடைந்திருந்தால் எஞ்சின் கம்ப்யூட்டருக்குக் காற்றழுத்த அளவு தப்பாகப் போய்ச் சேருகிறது. அதை ஸ்ப்ரே மட்டும் அடித்துச் சுத்தம் செய்யுங்கள், ஊசியால் குத்தாதீர்கள்.

8. ஓடிக்கிட்டிருக்கும்போதே திடீர்னு மஞ்ச லைட் எரிஞ்சு, அப்புறம் 2500, 3000 ஆர்பிஎம்முக்கு மேல போகவே மாட்டேங்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகுது.

லிம்ப் மோட். எஞ்சின் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு அளவு எல்லை தாண்டியதைப் பார்த்து, எஞ்சினைக் காப்பாற்ற சக்தியைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடுகிறது என்று அப்படியே ஓட்டாதீர்கள். ஸ்கேனர் போட்டு எரர் கோட் என்ன என்று படியுங்கள், அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வருபவை: பி 0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை, பி 0234 என்றால் அழுத்தம் அதிகம், பி 0087 என்றால் இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துத் தரும் குழாயில் அழுத்தம் குறைவு, பி 0401 என்றால் ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை.

9. பி 0299 வந்துச்சு. டர்போவையே மாத்தணும்னு பெரிய தொகை சொல்றாங்க. வேற வழியே இல்லையா?

இருக்கிறது, பொறுமையாக வரிசைப்படி பார்த்தால். அந்தக் கோட் அழுத்தம் குறைகிறது என்று மட்டும்தான் சொல்கிறது, டர்போ கெட்டது என்று சொல்லவில்லை. முதலில் 6ஆம் கேள்வியில் உள்ள ஹோஸ். பிறகு டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன வாக்யூம் குழாய்கள். பென்சிலைவிட ஒல்லியான ரப்பர், எலி கடித்தாலோ காய்ந்து வெடித்தாலோ ஆக்சுவேட்டர் நகராது. வாக்யூம் கைப்பம்பு வைத்து உறிஞ்சினால் ஆக்சுவேட்டரின் கம்பி தடங்கலில்லாமல் போய் வர வேண்டும். 110 டஸ்டரின் டர்போவில் உள்ளே இறக்கைகள் கோணம் மாறும் அமைப்பு உண்டு, மெதுவாகவே ஓட்டும் வண்டிகளில் கரி பிடித்து அவை மாட்டிக்கொள்ளும். பல சமயம் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். 85இல் அந்த அமைப்பு இல்லை, மிஞ்சும் புகைக்காற்றை டர்போவுக்குள் விடாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்தான்.

இதெல்லாம் சரியென்றால்தான் டர்போ. ஆறிய எஞ்சினில் உறிஞ்சும் பக்கக் குழாயைக் கழற்றி நடுத்தண்டை இரண்டு விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் மிக லேசாக ஆடலாம். முன்னும் பின்னும் ஆடக்கூடாது, இறக்கை சுவரில் உரசிய கோடு இருக்கக்கூடாது. இருந்தால் முழு டர்போ வாங்காமல் நடுப்பகுதியை மட்டும் மாற்றிப் பேலன்ஸ் செய்து தரும் கடைகள் பெரிய ஊர்களில் உண்டு. ஆனால் பழையது ஏன் போனது என்று தெரியாமல் புதியதைப் போட வேண்டாம். ஆயில் வரும் குழாய் அடைத்திருந்தால் புதியதும் சீக்கிரமே போய்விடும். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலைக் கழுவாமல் ஸ்டார்ட் செய்யவும் விடாதீர்கள். அந்த ஆயிலை எஞ்சின் உறிஞ்ச ஆரம்பித்தால் சாவியைத் திருப்பினாலும் அணையாமல் தானாக ரேஸ் ஏறி எஞ்சினே உடையும்.

10. எஞ்சின் நல்லா ரேஸ் ஆகுது, சத்தம் ஏறுது, ஸ்பீடு மட்டும் ஏறலை.

கிளட்ச் பிளேட். நான்காவது கியரில் 50இல் போய்க்கொண்டிருக்கும்போது முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி மேலே போய் ஸ்பீடு முள் அங்கேயே நின்றால் ஸ்லிப் ஆகிறது. கருகிய வாசனையும் வரும். ஏற்றத்தில் பாதிக் கிளட்ச்சில் வண்டியை நிறுத்திப் பிடிப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். பிளேட் மட்டும் மாற்றாமல் பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள், கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிய செலவு.

11. எல்லாம் பாத்தாச்சு. ஆனா சமதளத்துல நியூட்ரல் போட்டா வண்டி சீக்கிரமே நின்னுடுது.

சக்கரம் எதையோ இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வீலுக்கும் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள். ஒரு வீல் மட்டும் அனல் வீசினால் அந்த வீலின் பிரேக் காலிப்பரை நகரவிடும் ஊசி காய்ந்திருக்கிறது. பின்பக்கம் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிள்.

டயரையும் பாருங்கள். டஸ்டருக்கு 215/65 ஆர்16. கம்பீரமாகத் தெரியட்டும் என்று 235/70 போட்டால் டயர் விட்டம் 686 மில்லிமீட்டரிலிருந்து 735க்குப் போகிறது. எல்லா கியரும் 7 சதவீதம் நீண்டுவிட்டது என்று அர்த்தம். டயரின் எடை வேறு. எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமலே பிக்கப் போகும், ஸ்பீடோமீட்டரும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

12. பங்க்ல விக்கிற பாட்டில் மருந்து ஊத்தினா நாசில் சுத்தமாகுமா?

லேசான படிவத்துக்குக் கொஞ்சம் உதவும். தேய்ந்த இன்ஜெக்டரைத் தைலம் எதுவும் சரி செய்யாது. ஐட்லிங்கில் நடுக்கம், காலையில் அதிக நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பது, பி 0087 கோட், இவை இருந்தால் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். நாலு இன்ஜெக்டரின் திரும்பும் குழாயிலும் பாட்டில் மாட்டி ஐட்லிங்கில் விட்டால், எது மற்றவற்றைவிட அதிகமாகத் திருப்பி அனுப்புகிறதோ அதுதான் குற்றவாளி.

கழற்றினால் கீழே இருக்கும் செப்பு வாஷரைப் புதுசாகத்தான் போட வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும். மாற்றும்போதும் இடம் மாற்றிப் போடும்போதும் அதை எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். இதைச் செய்யாத கடையில் வேலை கொடுக்காதீர்கள்.

13. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிருச்சு, இனிமே கெட்டி ஆயில் ஊத்துறது நல்லதாமே?

ஆயில் குடிப்பதை மறைக்கச் சொல்லும் யோசனை அது. மேனுவலில் 5டபிள்யூ-40 என்று இருந்தால் அதுதான். கெட்டி ஆயில் காலையில் டர்போ பேரிங்குக்குப் போய்ச் சேரத் தாமதமாகும், எஞ்சினும் பாரமாகச் சுற்றும். டீசல் டர்போவுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது, நீட்டிக்காதீர்கள்.

இன்னொன்று, டஸ்டரின் கே9கேயிலும் ஈகோஸ்போர்ட் டீசலிலும் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்குவது டைமிங் பெல்ட், பிரெஸ்ஸா 1.3இல் செயின். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும், எஞ்சின் காலி. பெல்ட் மாற்றிய உடனே பிக்கப் குறைந்திருந்தால் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம், அன்றே திருப்பிக் கொண்டுபோங்கள்.

14. என்னோடது பெட்ரோல். எனக்கு எதுவுமே சொல்லலையே?

ஏர் ஃபில்டர், கிளட்ச், பிரேக், டயர் உங்களுக்கும் அதேதான். அதோடு ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், கரி பிடித்த த்ராட்டில் பாடி, டேங்க்குக்குள் இருக்கும் பம்பின் அழுத்தம், இந்த வரிசையில் பாருங்கள். ஈகோஸ்போர்ட்டின் 1.0 ஈகோபூஸ்ட் வைத்திருந்தால் அதன் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஆயில் தரம் தப்பினால் பெல்ட் உதிர்ந்து ஆயில் சல்லடையை அடைக்கும், ஆகவே ஆயிலில் மட்டும் சிக்கனம் கூடாது.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாமென்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. ரப்பர் குழாய்களையும் அவ்வப்போது பாருங்கள். அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் சாதாரண எஞ்சினில் குதிரைசக்தி கூடாது.

15. கீழ நல்லா ஓடுது, ஊட்டி போனா மட்டும் சோர்ந்துடுது.

ஊட்டி 2240 மீட்டர் உயரம், அங்கே காற்று கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் மெலிது. டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி ஏறக்குறைய அதே அளவு சக்தியை இழக்கும், அதற்கு வைத்தியம் இல்லை. டர்போ டீசல் அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிட வேண்டும். உங்கள் டீசல் வண்டி மலையில் மட்டும் மிகவும் சோர்ந்தால், கீழே தெரியாத ஒரு சின்ன ஓட்டை மேலே காட்டிக்கொடுக்கிறது, 6க்குத் திரும்புங்கள்.

16. வீட்டுலயே ஸ்கேனர் வாங்கி வெச்சுக்கலாமா? எதைப் பாக்கணும்?

வாங்கலாம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், ஸ்கேனர் செருகும் ஓபிடி போர்ட்டில் மாட்டுகிற புளூடூத் ரீடரும் போன் ஆப்பும் போதும். பார்க்க வேண்டியது இன்டேக் அழுத்தம். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் சமவெளியில் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்டும். மூன்றாவது கியரில் 2500 ஆர்பிஎம்மில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது 200ஐ ஒட்டியோ தாண்டியோ போக வேண்டும். 140, 150இல் நின்றுவிட்டால் காற்றுப் பக்கம்தான் கோளாறு, இன்ஜெக்டர் கடைக்குப் போகவே வேண்டாம். அழுத்தம் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால் டீசல் பக்கமும் கிளட்ச்சும். போனைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும்.

17. ஆன்லைன்ல ஒரு சிப் வருது, ஓபிடில செருகினா 35% பவர் கூடுமாம். உண்மையா?

பொய். இந்த மலிவு டப்பாக்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது விளக்கு மின்னுவதற்கான சுற்று மட்டுமே.

18. கோன் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், பெடல் பாக்ஸ்... இதுல எது வொர்த்?

டர்போ டீசலில் எதுவும் இல்லை என்பது என் கருத்து. திறந்த கோன் ஃபில்டர் எஞ்சின் சூட்டில் இருக்கும் காற்றைத்தான் உறிஞ்சும், நம் ஊர்ச் சாலைத் தூசிக்கு கம்பெனி காகித ஃபில்டர்தான் பாதுகாப்பு. எண்ணெய் தடவிய ஃபில்டர் போட்டால் அந்த எண்ணெய் சென்சாரில் ஒட்டும். சைலன்சர் மாற்றினால் சத்தம் கிடைக்கும். பெடல் பாக்ஸ் சக்தியைக் கூட்டாது, பாதி அழுத்தினால் முக்கால் அழுத்தியதாக எஞ்சினுக்குச் சொல்லும்; சுறுசுறுப்பு மாதிரி தோன்றும், 1ஆம் கேள்வியில் சொன்ன சோதனையில் ஒரு வினாடிகூடக் குறையாது.

19. 85ம் 110ம் ஒரே எஞ்சின்தானே. ரீமேப் பண்ணி 110 ஆக்கிடலாம்ல?

எஞ்சின் பிளாக் ஒன்று, சுற்றி இருப்பவை வேறு. டர்போ வேறு என்று மேலே சொன்னேன், கியர்பாக்ஸும் 85இல் ஐந்து, 110இல் ஆறு. ரீமேப் என்பது எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதுவது, அதைச் செய்யும் கடைக்காரர்கள் 85ஐ 105, 110 வரை கொண்டுவருவதாகச் சொல்வார்கள். அந்தச் சின்ன டர்போ அதன் எல்லையில் ஓடித்தான் அதைத் தர முடியும், 110இன் டர்போவுக்கு இருக்கும் மூச்சு அதற்கு இல்லை.

நல்ல ரீமேப் நடு ஆர்பிஎம்மில் தெளிவாகத் தெரியும் இழுவையைத் தரும், அதை மறுக்கவில்லை. ஆனால் 3 முதல் 12 வரை உள்ளவை எல்லாம் சரியாக இருக்கும் வண்டிக்குத்தான். ஓட்டை ஹோஸோடு ரீமேப் செய்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி அந்தக் காற்றையும் வெளியேதான் விடும். பழைய கிளட்ச் புது டார்க்கில் ஸ்லிப் ஆக ஆரம்பிக்கும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். செய்வதென்றால் வண்டியில் முன்பிருந்த சாஃப்ட்வேர் ஃபைலின் பிரதியை உங்கள் கையில் தரும் கடையாகப் பாருங்கள், செய்வதற்கு முன்னும் பின்னும் அழுத்த அளவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், கருப்புப் புகை விடும் ஃபைலை ஏற்காதீர்கள்.

20. ரீமேப் பண்ணா போலீஸ், இன்சூரன்ஸ்ல பிரச்சனை வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். சாஃப்ட்வேர் மாற்றம் சாலையில் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்டால், தெரிவிக்காத மாற்றம் என்று கிளெய்மில் இழுபறி வர வழியிருக்கிறது. அதனால் முன்பே எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

21. எல்லாம் மாத்தியும் தேறலை. எஞ்சினே தேஞ்சு போச்சுன்னு எப்படி உறுதி பண்றது?

ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் மேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, திறந்த வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் வழியாக அழுத்தம் கீழே கசிகிறது. பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். அளவு மேனுவலில் உள்ளதற்குக் கீழே போகக்கூடாது, நாலு சிலிண்டருக்கும் நடுவே வித்தியாசமும் அதிகம் இருக்கக்கூடாது. ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்த சிலிண்டரில் சில துளி ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

நாலுமே கீழே இருந்தால் எஞ்சின் இறக்கும் செலவையும் வண்டியின் இன்றைய விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆர்சி 15 வருடத்தை நெருங்கும் வண்டி என்றால் புதுப்பிக்கும்போது வரும் எஃப்சி வேலைகளும் அந்தக் கணக்கில் சேரும். கணக்கு இடித்தால் இன்ஜெக்டர், டர்போ என்று மேற்கொண்டு ஒன்றிலும் காசு போட வேண்டாம்.

22. செகண்ட்ஸ்ல ஒரு 110 டஸ்டர் வருது, ஓனர் ரீமேப் பண்ணிருக்கார். வாங்கலாமா?

பழைய ஃபைல் அவர் கையில் இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள். காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய் முதல் ஸ்டார்ட்டை நீங்களே கொடுங்கள், சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். 10ஆம் கேள்வியின் கிளட்ச் சோதனை, 16ஆம் கேள்வியின் அழுத்த அளவு, 21ஆம் கேள்வியின் மூடிச் சோதனை, இந்த மூன்றும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஸ்கேன் செய்யும்போது கோட் எதுவுமே இல்லாமல், கூடவே "அழித்த பிறகு ஓடிய தூரம்" பத்து, இருபது கிலோமீட்டர் என்று காட்டினால், முந்தின நாள்தான் துடைத்திருக்கிறார்கள். டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து, அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள்.